சுவிட்சை அணைத்த பிறகும்

ஏர்லெஸ் பெயிண்ட் மெஷினின் மிகச் சிறிய பாகங்களில் ஒன்று அதன் 'டிப்'. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேலே ஒரு பிளாஸ்டிக் பிடி, கீழே ஓர் உலோக உருளை, அந்த உருளையின் குறுக்கே டங்ஸ்டன் கார்பைடில் குடைந்த ஒரு துளை. பிடியின் மேல் 517 என்றோ 311 என்றோ ஓர் எண் பொறித்திருக்கும். பழகிய பெயிண்டர் அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் இது ஹால் சுவருக்கா, சன்னல் சட்டத்துக்கா என்று சொல்லிவிடுவார்.

எண்ணைப் படிப்பது எளிது. முதல் இலக்கத்தை இரண்டால் பெருக்கினால், சுவரிலிருந்து 12 அங்குலம் தள்ளிப் பிடிக்கும்போது எத்தனை அங்குல அகலத்துக்குப் பெயிண்ட் விழும் என்று தெரியும். 517 என்றால் 10 அங்குலம். கடைசி இரண்டு இலக்கங்கள் துளையின் அளவு, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். 17 என்றால் 0.017 அங்குலம், அதாவது 0.43 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த ஓட்டை வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெயிண்ட் வெளியேறுகிறது. ரோலரில் அரை நாள் ஓடும் 20 லிட்டர் வாளி, அரை மணி நேரத்துக்குள் காலியாகிவிடும்.

இவ்வளவு சின்ன ஓட்டையில் இவ்வளவு பெயிண்ட் புக வேண்டுமென்றால் பின்னாலிருந்து ஏதோ ஒன்று அதைப் பயங்கரமாகத் தள்ள வேண்டும். சுவரை வழவழப்பாக்குவதும் விரலைப் பறிப்பதும் அந்தத் தள்ளல்தான். அது எங்கே பிறக்கிறது, எங்கே ஒளிந்திருக்கிறது, எப்போது உண்மையிலேயே தீர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டவருக்கு இந்த மெஷின் நல்ல வேலையாள்.

காற்றைக் கைவிட்ட கதை

தெளித்து அடிக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. 1893ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய பிரம்மாண்டமான கட்டடங்களைப் பிரஷ்ஷால் வெள்ளையடித்து மாளாது என்று கண்டு, பம்பும் குழாயும் வைத்துத் தெளித்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் தூவ ரப்பர் பந்து வைத்த ஒரு கருவியைச் செய்திருந்தார். பந்தை அழுத்தினால் காற்று சீறும். அந்தக் காற்று மருந்தை உறிஞ்சித் துளியாக்கி வீசும். அவருடைய மகன் தாமஸ் அதே உத்தியைக் கொண்டு 1907ல் பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னை உருவாக்கினார்.

கார் பட்டறைகளில் இன்றும் கம்ப்ரஸர் வைத்து அடிப்பது அந்த வழியில்தான். அதில் ஒரு தொல்லை உண்டு. பெயிண்டைச் சுமந்துவரும் காற்று சுவரில் மோதியதும் திரும்பியாக வேண்டும். திரும்பும்போது சின்னத் துளிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. அடிப்பவரைச் சுற்றி ஒரு வண்ண மூட்டமே எழும். பெயிண்டும் வீண், மூச்சும் கேடு.

இந்தக் கதையின் அடுத்த திருப்பம் கிரீஸிலிருந்து வந்தது. மினியாபொலிஸ் நகரில் வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் வேலை பார்த்த ரஸ்ஸல் கிரே என்பவர், கடுங்குளிரில் இறுகிப்போகும் கிரீஸைக் கைப்பம்பால் தள்ள முடியாமல், காற்றழுத்தத்தில் இயங்கும் கிரீஸ் கன் ஒன்றை உருவாக்கினார். 1926ல் சகோதரருடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் கிராகோ ஆனது. கெட்டியான திரவத்தை உயர் அழுத்தத்தில் தள்ளக் கற்ற அந்த நிறுவனம், 1950களின் பிற்பகுதியில் அதே வித்தையைப் பெயிண்டுக்குத் திருப்பியது. காற்றே வேண்டாம், பெயிண்டையே அழுத்திச் சின்ன ஓட்டை வழியாக விட்டால் தானாகத் துளியாகும் என்பதே ஏர்லெஸ் முறையின் சாரம்.

திரை, இழை, துளி

மெஷினுக்குள் இருப்பது ஒரு மின்மோட்டாரும் பிஸ்டன் பம்பும். வாளியிலிருந்து உறிஞ்சிய பெயிண்டை அது 3,000 பி.எஸ்.ஐ. வரை அழுத்தும். காரின் டயரில் இருப்பது 32 பி.எஸ்.ஐ. அளவுதான், இது அதைப்போல 90 மடங்குக்கும் மேல். ஒரு சதுர அங்குலத்தின் மேல் 1,360 கிலோ, அதாவது ஒரு காரே ஏறி நிற்பதற்குச் சமம். இந்த அழுத்தம் டிப்பின் வாயில் வேகமாக மாறுகிறது. கணக்குப்படி அந்த இடத்தில் பெயிண்டின் வேகம் விநாடிக்கு 170 மீட்டரைத் தாண்டும். மணிக்கு 600 கிலோமீட்டர். துளையின் உராய்வில் கொஞ்சம் குறைந்தாலும் அது விமான வேகம்தான்.

துளையின் வாய் வட்டமாக இராது. பூனைக் கண்போல நீள்வடிவில் இருக்கும். அதனால் பெயிண்ட் தாரையாக வராமல் விசிறிபோல விரிந்த ஒரு மெல்லிய திரையாக வெளிப்படுகிறது. அந்தத் திரை சும்மா நிற்கும் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது, காற்றில் கொடித்துணி படபடப்பதுபோல அதில் அலைகள் எழுகின்றன. அலை பெருத்துத் திரை கிழிகிறது. கிழிந்தவை இழைகளாகின்றன. இழைகள் துளிகளாகின்றன.

இழை ஏன் துளியாக வேண்டும்? சமையலறைக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தால் விடை தெரியும். மேலே நூல்போல இறங்கும் நீர், கீழே வரும்போது மணிமணியாக உடைகிறது. பார்வையை இழந்த நிலையிலும் ஆய்வை விடாத பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ இதை ஆராய்ந்து 1873ல் நூலாக எழுதினார். திரவத்தின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கவே பார்க்கும்; நீண்ட இழையாக இருப்பதைவிட உருண்டைகளாகப் பிரிந்தால் அதன் மொத்தப் பரப்பு குறையும். அதனால் இழை அறுகிறது. அதே பத்தாண்டின் முடிவில் ஆங்கில இயற்பியலாளர் ரேலி இதற்குக் கணிதம் தந்தார்.

ஒரு லிட்டர் பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் துளிகளாகப் பிரிந்தால் சுமார் 190 கோடித் துளிகள் உண்டாகும். அவற்றின் மேற்பரப்பை எல்லாம் கூட்டினால் 60 சதுர மீட்டர், ஏறத்தாழ 650 சதுர அடி. ஒரு சிறிய வீட்டின் தரை அளவு. அத்தனை பரப்பிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆவி எழும். தண்ணீர் கலந்த எமல்ஷனில் அது வெறும் நீராவி. தின்னர் கலந்த பெயிண்டில் அது எரியக் காத்திருக்கும் வாயு.

மூன்றாவது முனை

ஆகவே கவனமுள்ள பெயிண்டரின் காலை, கன்னைத் தூக்குவதில் தொடங்குவதில்லை. ப்ளக்கைப் பார்ப்பதில் தொடங்குகிறது.

நம்மூர் மூன்று முனை ப்ளக்கில் மேலே இருக்கும் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளம், பருமன். ப்ளக்கைச் செருகும்போது மின்சாரம் தொடுவதற்கு முன்பே எர்த் தொட்டுவிட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. கட்டுமான இடங்களிலோ ப்ளக்கே இல்லாமல் இரண்டு வயரைச் சொருகித் தீக்குச்சியால் இறுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஏர்லெஸ் மெஷினில் அது இரட்டைத் தவறு. மோட்டாரில் மின்கசிவு வந்தால் ஷாக் அடிக்கும் என்பது ஒன்று. குறுகிய ஹோஸ் வழியாக வேகமாக ஓடும் பெயிண்ட் உராய்வால் நிலைமின்னூட்டத்தை உண்டாக்குகிறது என்பது மற்றொன்று. குளிர்நாட்டில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறக்குமே, அதே மின்சாரம். எர்த் இணைப்பும் மின்கடத்தும் ஹோஸும் இருந்தால் அது சத்தமின்றித் தரைக்குள் இறங்கிவிடும். இல்லையென்றால் தின்னர் ஆவி சூழ்ந்த அறையில் அது பொறியாகப் பாயும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் மூன்று கம்பி கொண்டதாக, தடித்த வயராக இருக்க வேண்டும். மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் வோல்டேஜ் குறைந்து மோட்டார் சூடாகும். எண்ணெய் பெயிண்ட் என்றால் மெஷினைத் தெளிக்கும் இடத்திலிருந்து 6 மீட்டராவது தள்ளி வைப்பது முறை. கன் மட்டும் உள்ளே போகும், மோட்டாரின் பொறி வெளியிலேயே நிற்கும். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். சமையலறையில் காஸ் அடுப்பும் பூஜையறையில் விளக்கும் அணைந்திருக்க வேண்டும்.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பது நம் பெயிண்டர்களின் பழக்கம். துண்டு பெரிய துளிகளைத் தடுக்கும். நுரையீரல்வரை போகும் நுண்துளிகளையும் தின்னர் ஆவியையும் தடுக்காது. எமல்ஷனுக்கு நுண்துகள் வடிகட்டும் மாஸ்க், தின்னர் கலந்ததற்குக் கரிம ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் என்று வேறுவேறு உண்டு. மரச்சாமான்களுக்கு அடிக்கும் இரண்டு பாக பி.யு. பூச்சுகளின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஒருமுறை ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைத் தூண்டப் போதும். அந்த வேலைக்குச் சாதாரண மாஸ்க் ஆகாது.

பழைய சுவரைச் சுரண்டும்போது இன்னொரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016ல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்கலாம். அவற்றை உலர் உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல் ஈரம் வைத்துத் தேய்ப்பது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம்.

விசிறி விழும் விதம்

பெயிண்டை வாளியில் ஊற்றும் முன் வலைத்துணியில் வடிகட்டுகிறார்கள். வாளியின் விளிம்பில் காய்ந்த ஒரு தோல் துணுக்கு போதும், 0.43 மில்லிமீட்டர் ஓட்டையை அடைக்க. உறிஞ்சும் குழாயின் முனையில் ஒரு சல்லடை, கன்னின் பிடிக்குள் இன்னொன்று. இரண்டும் இருந்தும் முதல் காவல் அந்த வலைத்துணிதான்.

வால்வை 'பிரைம்' நிலையில் வைத்து மெஷினை ஓட்டினால் பெயிண்ட் மேலேறி, அழுத்தமில்லாமல் திரும்பு குழாய் வழியே வாளிக்கே வரும். குமிழி நின்று சீராக வந்ததும் வால்வை 'ஸ்ப்ரே'க்குத் திருப்புகிறார்கள். ஹோஸ் விறைக்கிறது. அழுத்தத்தைக் குறைவில் தொடங்கி, ஓர் அட்டையில் அடித்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது முறை. குறைவாக இருந்தால் விசிறியின் இரண்டு ஓரத்திலும் தடித்த கோடு விழும். அந்தக் கோடு மறையும் புள்ளியில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கூட்டினால் புகைமூட்டமும் டிப்பின் தேய்மானமும்தான் மிச்சம்.

அடிக்கும்போது கை முழுவதும் நகர வேண்டும். மணிக்கட்டை மட்டும் விசிறினால் நடுவில் கனமும் ஓரத்தில் வெளுப்பும் விழும். கன் சுவருக்கு நேராக, ஒரு சாண் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலான தூரத்தில். கை நகரத் தொடங்கிய பிறகு ட்ரிக்கர், ட்ரிக்கரை விட்ட பிறகு கை நிற்கும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூடும்.

கரண்ட் போனபோது

மதியம் 2 மணி. பாதிச் சுவரில் கரண்ட் போகிறது. மோட்டாரின் உறுமல் நிற்கிறது, மின்விசிறி நிற்கிறது, வீடே அமைதியாகிறது. பெயிண்டர் கன்னைத் தரையில் வைத்துவிட்டு டீக்குப் போகிறார். உதவிக்கு வந்த பையன், டிப்பின் வாயில் பிசுபிசுத்திருக்கும் பெயிண்டைப் பார்க்கிறான். மெஷின்தான் ஓடவில்லையே. துடைத்து வைக்கலாம் என்று இடது ஆள்காட்டி விரலைக் கொண்டுபோகிறான்.

இந்த மெஷினைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் உண்மை இங்கே இருக்கிறது. மோட்டாரின் வேலை அழுத்தத்தை உண்டாக்குவது மட்டும். உண்டான அழுத்தம் பம்பிலும் ஹோஸிலும் அப்படியே அடைபட்டு நிற்கும். ட்ரிக்கரை விட்டதும் குறித்த அழுத்தம் எட்டியவுடன் மோட்டார் தானாகவே நின்றுவிடும். அந்த மௌனத்தில் ஹோஸுக்குள் அழுத்தம் முழுதாக இருக்கும். கரண்ட் போனாலும், சுவிட்சை அணைத்தாலும், ப்ளக்கையே பிடுங்கினாலும் இதுதான் நிலை. சுவிட்ச் போட்டபடியே இருந்தால், கரண்ட் திரும்பும் நொடியில் மோட்டாரும் திரும்பும்.

விரல் அந்த ஓட்டையை மூடியிருக்கும்போது ட்ரிக்கர் தற்செயலாக அழுந்தினால் என்ன நடக்கும்? 0.43 மில்லிமீட்டர் ஓட்டையின் பரப்பு 0.15 சதுர மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் மேல் 3,000 பி.எஸ்.ஐ. என்றால் மொத்த விசை சுமார் 300 கிராம் எடைக்குச் சமம். ஒரு மாம்பழத்தின் கனம். விரலை அது தூக்கி எறியாது. தள்ளியதாகக்கூடத் தெரியாது. ஊசியின் கூர்மைபோல ஒரே புள்ளியில் குவிந்து, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெறும் 100 பி.எஸ்.ஐ. அழுத்தமே மனிதத் தோலைத் துளைக்கப் போதும். ஊசியில்லாமல் தடுப்பு மருந்தைத் தோலுக்குள் செலுத்தும் ஜெட் கருவிகள் இதே இயற்பியலில்தான் வேலை செய்தன. 1960களில் மேற்கு ஆப்பிரிக்காவில் பெரியம்மையை ஒழிக்க அவை பெரிதும் உதவின. அங்கே உள்ளே போனது அளந்து வைத்த தடுப்பூசி மருந்து. இங்கே போவது பெயிண்ட்.

பார்ப்பதற்கு ஒரு செம்புள்ளிதான். குளவி கொட்டியதுபோல ஒரு சுருக். ரத்தம்கூட அதிகம் வராது. அடிபட்டவர் கையை உதறிவிட்டு வேலையைத் தொடர்கிறார். ஆனால் உள்ளே போன பெயிண்ட், விரலை மடக்கி நீட்டும் தசைநாரைச் சுற்றியுள்ள உறைக்குள் புகுந்து உள்ளங்கைவரை ஓடியிருக்கும். சில மணி நேரத்தில் விரல் வீங்குகிறது. வீங்க இடமில்லாத கூடு அது. வீக்கம் ரத்தக் குழாய்களையே நெரிக்கிறது. தின்னர் திசுவைக் கரைக்கிறது. மாலையில் வலி பொறுக்க முடியாமல் போகும்போது விரல் வெளுத்தோ கறுத்தோ இருக்கும்.

உயர் அழுத்தத்தில் திரவம் கைக்குள் பாய்ந்த காயம் மருத்துவ இதழில் பதிவாகத் தொடங்கியது 1937ல். அன்று பாய்ந்தது டீசல் எஞ்சினின் எரிபொருள். 2006ல் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட 435 காயங்களைத் தொகுத்துப் பார்த்தது. 30 சதவீதத்தில் உறுப்பு நீக்கம் தவிர்க்க முடியாமல் போனது. மிக அதிகம் அடிபட்டது வேலைக்குப் பழகாத கையின் ஆள்காட்டி விரல், துடைக்க நீளும் அந்த விரல்தான். தின்னர் வகைகள் புகுந்த கைகளில், 6 மணி நேரத்துக்குள் திறந்து சுத்தம் செய்தபோது இழப்பு குறைந்தது.

ஆகவே இது தையல் போட்டு டி.டி. ஊசி குத்தி அனுப்பும் காயமே அல்ல. நேரத்தைக் குறித்துக்கொண்டு, கையை உயர்த்திப் பிடித்து, இறுக்கிக் கட்டாமல், பெயிண்ட் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு, கை அறுவை சிகிச்சையோ பிளாஸ்டிக் சர்ஜரியோ உள்ள மருத்துவமனைக்கு அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அங்கே போய் "பெயிண்ட் பட்டுவிட்டது" என்று சொன்னால் போதாது. "ஏர்லெஸ் மெஷினிலிருந்து அழுத்தத்தோடு உள்ளே போய்விட்டது" என்று சொல்ல வேண்டும். புள்ளியைப் பார்த்து ஏமாறாமலிருக்க மருத்துவருக்கு அந்த ஒரு வாக்கியம் தேவை.

டிப்பைச் சுற்றி இறக்கைபோல ஒரு காப்பு இருக்கும். விரல் ஓட்டையைத் தொடாதபடி தூரம் காட்டுவது அதன் வேலை. ஓரத்தில் அடிக்க வசதி என்று அதைக் கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள், கழற்றவே கூடாது. அடைப்பு வந்தால் அதற்கும் விரல் வேண்டியதில்லை. ட்ரிக்கர் பூட்டைப் போட்டு, டிப்பின் பிடியை அரைவட்டம் திருப்பி, பூட்டை எடுத்து ஒரு பழைய அட்டையின் மேல் அடித்தால் அடைப்பு பின்வழியாகப் பறந்துவிடும். மறுபடி திருப்பிக்கொள்ளலாம். ஹோஸில் கசிவு என்று சந்தேகம் வந்தால் கையால் தடவிப் பார்ப்பது அதே விபத்துக்கு இன்னொரு வழி. டேப் சுற்றுவதும் உதவாது. கசியும் ஹோஸை மாற்றியாக வேண்டும்.

கடைசி வாளி

மாலையில் கழுவும் நேரம். எமல்ஷன் என்றால் தண்ணீர் போதும். எண்ணெய் பெயிண்ட் என்றால் தின்னர். அப்போது பிளாஸ்டிக் வாளி உதவாது. இரும்பு வாளியை வெறும் சிமென்ட் தரையில் வைத்து, கன்னின் உலோகப் பகுதி வாளியின் விளிம்பைத் தொட்டபடி, குறைந்த அழுத்தத்தில் விட வேண்டும். கீழே அட்டையோ பேப்பரோ விரித்தால் எர்த் அறுந்துவிடும். மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் ரிமூவரை இதற்குள் ஊற்றவே கூடாது. அலுமினிய பாகங்களோடு அது வினைபுரிந்து மெஷினையே வெடிக்க வைக்கக்கூடும்.

அதற்கெல்லாம் முன்பாக ஒரு சடங்கு இருக்கிறது. டீக்குப் போனாலும், கரண்ட் போனாலும், டிப்பை மாற்றினாலும், நாளை முடித்தாலும் அதே வரிசை. பெயிண்டர் சுவிட்சை அணைக்கிறார், ப்ளக்கைப் பிடுங்குகிறார். அழுத்தக் குமிழைக் கடைசிவரை குறைக்கிறார். கன்னை வாளிக்குள் பிடித்து ட்ரிக்கரை அழுத்துகிறார். அடைபட்டிருந்த பெயிண்ட் ஒரு நொடி சீறி, பிறகு ஒழுகி நிற்கிறது. வால்வை 'பிரைம்' நிலைக்குத் திருப்புகிறார். திரும்பு குழாயில் மிச்சமும் வடிகிறது. ட்ரிக்கர் பூட்டைப் போடுகிறார். காலையிலிருந்து விறைத்துக் கிடந்த ஹோஸ் தளர்கிறது.

அதன் பிறகுதான் அவர் விரல் டிப்பைத் தொடுகிறது. கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். பூனைக் கண் வடிவம் கொஞ்சம் வட்டமாகியிருக்கிறது. 10 அங்குலம் விழ வேண்டிய விசிறி இன்று 8 அங்குலம்தான் விழுந்தது. நாளைக்கு வேறு 517 வாங்க வேண்டும்.